மண்ணைத் தட்டக் கூடாத ஊர்

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் மலைக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். "வந்தா இங்கதான் நிக்கும்" என்றார். அந்த "வந்தா"வை நான் கவனித்திருக்க வேண்டும். ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்த பஸ், பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பெருமூச்சு விட்டு நின்றேவிட்டது. டிரைவர் இறங்கி, ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, பீடி பற்றவைத்தார். பீடி பற்றவைத்தால் வண்டி இனி நகராது என்று அர்த்தமாம். உள்ளூர்க்காரர்கள் ஒரு வார்த்தை பேசாமல் மூட்டை முடிச்சோடு இறங்கி நடந்தார்கள். நான் மட்டும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன்.

பின்னால் வந்த ஷேர் ஜீப் காப்பாற்றியது. காப்பாற்றியது என்றால், காலிப் புளிச் சாக்குகளின் மேல் என்னையும் ஒரு சாக்காகப் போட்டுக்கொண்டது. பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர். பெயர் சின்னப்பொண்ணு. நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். நான் போகவேண்டியதும் அதே ஊர்தான். எதற்கு வருகிறேன் என்று கேட்டார். சண்டை கற்றுக்கொள்ள என்றேன்.

"வூட்ல சண்ட போட ஆளு இல்லியா?"

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த நாலு நாளில் நான் நிம்மதியாகச் சிரித்தது அதுதான் கடைசி. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பிற்பாடு அவரே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

எதற்கு வந்தேன் என்பதை உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்கிறேன். நான் தூத்துக்குடிக்காரி. நாற்பத்து நாலு வயது. கப்பல் ஏஜென்சி ஒன்றில் சரக்குக் காகிதங்களோடு மாரடிக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், கரண்ட் இல்லாமல் லிஃப்ட் ஓடாததால், குடியிருப்பின் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒருவன் என்னைத் தள்ளினான். மல்லாக்க விழுந்த என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து சங்கிலியை அறுத்தான். கனமான ஆள். மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கலாம். சங்கிலி போய்த் தொலையட்டும். அந்த ஒரு நிமிஷமும் என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. மூன்றடி தள்ளி ஒரு வீட்டுக் கதவு. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் இருப்பது அவர்களுக்குக் கேட்கவில்லை.

போலீஸ்காரர், என் வீட்டுக்காரர், என் அம்மா, ஆபீசில் அத்தனை பேர், எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் சத்தம் போடல?" எனக்கு என்ன தெரியும்? கேட்டுக் கேட்டு என்னைச் சாகடித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் படியை நான் மிதித்ததில்லை. லிஃப்ட் ரிப்பேர் என்றால் ஆபீசிலேயே உட்கார்ந்திருப்பேன். நெஞ்சில் கனமாக எது பட்டாலும், கம்பளியாக இருந்தாலும், குரல் அடைத்துவிடும். கீழே விழுந்தவர்கள் எழுந்து தப்பிப்பதற்கென்றே நாலு நாள் பயிற்சி, அதுவும் ஜவ்வாது மலையில், என்று கேள்விப்பட்டதும் லீவு போட்டுவிட்டேன். அங்கேயாவது குரல் வருமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

பயிற்சி கொடுப்பவள் கலை. திருப்பத்தூர்க்காரி, இருபத்தெட்டு வயது, முன்னாள் ஜூடோ ஆட்டக்காரி. ஆறு பேர் வந்திருந்தோம். மெத்தை கிடையாது. விழப்போவது தெருவில், மெத்தையைத் தூக்கிக்கொண்டா போவீர்கள் என்று கேட்டாள். சாமை அறுத்துவிட்டுச் சும்மா கிடந்த கொல்லை ஒன்றைப் பேசி வைத்திருந்தாள். அது சின்னப்பொண்ணுவின் கொல்லை என்பதும், சாப்பாடும் அவர் கையால்தான் என்பதும் வந்த பிறகுதான் தெரிந்தது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கொல்லை முடிகிற இடத்தில் பெரிய புளியமரம். மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குவோம். மரத்துக்கு அந்தப் பக்கம் கல்லும் புதருமாக ஒரு மேடு. அங்கே ஆடுகூட மேயவில்லை என்பதை முதல் நாளே பார்த்தேன், பார்த்ததோடு சரி.

எனக்கு ஜோடியாக நானே கேட்டு வாங்கியது நஸீர் பாயை. வாணியம்பாடியில் தோல் பட்டறை வைத்திருப்பவர், தொண்ணூற்றைந்து கிலோ. ஒருமுறை கடைத்தெரு தகராறில் மல்லாந்து விழுந்து, எழ முடியாமல் கிடந்து, ஊரே வேடிக்கை பார்த்ததாம். அதனால் வந்தேன் என்றார். பக்கத்தில் வந்தால் அத்தரும் தோலும் கலந்து ஒரு வாசனை வரும். என் மேல் ஏறி உட்காரும் முன் ஒவ்வொரு முறையும் "மாஃப் பண்ணுங்க அக்கா" என்பார். இப்படி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏறும் திருடன் எந்த ஊரிலும் இல்லை என்று கலை திட்டினாள்.

பாடம் இதுதான். மேலே இருப்பவனின் ஒரு கையையும் அதே பக்கத்துக் காலையும் சிறைப்பிடி, இடுப்பை வானத்துக்குத் தூக்கு, அந்தப் பக்கமாக உருட்டு, எழுந்து ஓடு. ஜெயிக்க வேண்டாம், ஓடினால் போதும். இதில் எல்லாருக்கும் பொதுவான சட்டம் ஒன்று உண்டு. மூச்சு முட்டினாலோ வலித்தாலோ தரையை உள்ளங்கையால் தட்ட வேண்டும். தட்டினால் மேலே இருப்பவர் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். நான் தட்டிக்கொண்டேதான் இருந்தேன். உருட்டவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. ஏறினார், தட்டினேன், இறங்கினார்.

முதல் நாள் மாலை, நாலு மணி இருக்கும். நஸீர் பாய் தோளால் அழுத்தியதில் என் முகம் திரும்பி, காது மண்ணோடு ஒட்டியிருந்தது. இரண்டு தட்டு தட்டினேன். அவர் எழுந்துவிட்டார். அதற்கப்புறம் மண்ணுக்குள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது.

காதைத் தேய்த்துக்கொண்டேன். ஊருக்குள் யாரோ உரலில் சாமை இடிக்கிறார்கள், மண்ணில் அதிர்வு வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரவுச் சாப்பாடு சாமைச் சோறும் பச்சை மொச்சைக் குழம்பும். எங்கள் ஊரில் மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. இங்கே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அத்தனை பசி.

இரண்டாம் நாள் காலையில் பனி. தூத்துக்குடியில் பிறந்தவளுக்குப் பனி என்றால் ஐஸ் பெட்டியிலிருந்து வருவதுதான். இங்கே அது மேட்டுப் பக்கமிருந்து கொல்லைக்குள் இறங்கி, முதலில் புளியமரத்தையும் பிறகு பக்கத்து ஜோடியையும் மறைத்தது. கலையின் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. அன்று முழுக்க அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் இரண்டு தட்டினால் இரண்டு. ஒருமுறை பதற்றத்தில் நாலு தட்டினேன். கொஞ்சம் பொறுத்து, நாலு.

உரல்தான் என்றேன் நஸீர் பாயிடம். அவர் என் முகத்தைப் பார்க்காமல், காலையிலிருந்து தானும் கேட்பதாகவும், மனசுக்குள் துவா ஓதிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். எனக்கு மட்டும் கேட்டிருந்தால் மண்டைக் கோளாறு என்று விட்டிருப்பேன்.

மாலையில் சின்னப்பொண்ணு தூக்குவாளியில் டீ கொண்டுவந்தார். அதுவரை நாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர் பார்த்ததில்லை. கொல்லை ஓரத்தில் நின்று பார்த்தார். நான் மண்ணைத் தட்டிய அந்த நிமிஷம் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"யாரு உங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

கலை ஓடிவந்து விளக்கினாள். வலித்தால் தட்டுவது, தட்டினால் விடுவது, உலகம் முழுக்க இதுதான் வழக்கம் என்றாள். உலகத்தில் எப்படியோ, இந்த ஊரில் அப்படியில்லை என்றார் சின்னப்பொண்ணு. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். இங்கே ஆளைப் புதைத்து மண்ணை மூடியதும், சொந்தக்காரர்கள் குனிந்து உள்ளங்கையால் மூன்று தட்டு தட்டுவார்களாம். மற்ற எல்லாவற்றுக்கும் "போய்ட்டு வர்றோம்" என்று சொல்கிற ஊர், அங்கே மட்டும் "போறோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுமாம். உள்ளே இருப்பவருக்கு அதுதான் கணக்கு. இனி யாரும் இல்லை, தூங்கலாம். அதனால் வேறு எதற்காகவும் இங்கே மண்ணைத் தட்டுவதில்லை. குழந்தை தட்டினாலும் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

"நீங்க ரெண்டு நாளா போறோம் போறோம்னு சொல்லிக்கினே இருக்கீங்க" என்றார். "ஆனா போவல. அவங்களுக்குக் கொழம்பாதா?"

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஊருக்குள் யார் வீட்டில் சாமை இடிக்கிறார்கள் என்று கேட்டேன்.

"இப்ப யாருங்க இடிக்கறாங்க? பத்து வருஷமா மில்லுலதான் அரைக்கறோம். உரலக் கவுத்துப் போட்டு கோழிய மூடி வெச்சிருக்கேன்."

மலை ஊர் என்றால் உலக்கையும் உரலும் என்று நானாக ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன், பாருங்கள். புளியமரத்துக்கு அந்தப் பக்கத்து மேடு என்ன என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் அந்த மேட்டில்தான் இருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மரத்தில் புளி உலுக்க ஏறி விழுந்தவர். கனத்த உடம்பு, கிளை தாங்கவில்லை. அன்று இவர் செங்கம் சந்தைக்குப் போயிருந்தார். பஸ் இல்லாமல் மறுநாள் மாலைதான் திரும்ப முடிந்தது; அதற்குள் எல்லாம் முடித்து, ஊரார் தட்டிவிட்டு வந்துவிட்டார்களாம். "நான் தட்டல" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியை எடுத்து எங்களுக்கு டீ ஊற்றினார்.

கலை கெட்டிக்காரி. நல்லதாகப் போயிற்று, இனி தட்டலே கிடையாது என்றாள். அவளிடம் ஆறு மாதம் படித்த ஒருத்தி, தெருவில் ஒருவன் கீழே தள்ளி அமுக்கியபோது, பழக்க தோஷத்தில் தார் ரோட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டு, அவன் விடுவான் என்று காத்திருந்தாளாம். பயிற்சிக்குப் போகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். நாளை முதல் விடவேண்டும் என்றால் வாயைத் திறந்து "விடு" என்று சொல்ல வேண்டும், சொன்னால்தான் விடுவார்கள் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் தலையாட்டவில்லை.

மூன்றாம் நாளைப் பற்றி எழுத இஷ்டமில்லை, ஆனால் எழுதாமல் முடியாது. மற்ற நாலு பேரும் "விடு, விடு" என்று கொல்லையே அதிரக் கத்தினார்கள். என் முறை வந்தது. நஸீர் பாய் உட்கார்ந்தார், என் இரண்டு கைகளையும் மண்ணோடு பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. படித் திருப்பமும் பாத்திரம் கழுவும் சத்தமும்தான் இருந்தன. சொன்னால்தான் விடவேண்டும் என்று கலை சொன்னதை அவர் அட்சரம் பிசகாமல் செய்தார். எனக்குக் கண் இருட்டியதைக் கலை பார்த்துவிட்டு ஓடிவந்து அவரை இழுத்தாள்.

தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்கள். கலை தன் மேல்தான் தப்பு என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நஸீர் பாய் அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கி அழுவதைப் பார்க்க எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

"நீங்க சொல்லணும் அக்கா. சொல்லலன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு வருஷமாக எல்லோரும் கேட்ட அதே கேள்வி. ஆனால் இவர் ஒருவர்தான் அதைப் பயந்து கேட்டார். போதும், ஊருக்குப் போகிறேன் என்று பையைக் கட்டினேன். மதிய ஜீப்புக்காக ரோட்டோரம் ஒரு கல்லில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜீப் டிரைவர் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறார், வரமாட்டார் என்பது எனக்குப் பிறகு வந்த ஆட்டுக்குக்கூடத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் சொல்லவில்லை. சின்னப்பொண்ணு வந்து பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். களி கிண்டியிருந்தார், கொள்ளு ரசம் வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

நாலாம் நாள் காலை. பனி அப்படி இறங்கியிருந்தது. நீட்டிய கை தெரியவில்லை. கடைசிப் பயிற்சி இது: மூன்று பேர் கொல்லையில் தள்ளித் தள்ளிக் கண்ணைக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுக்க வேண்டும். ஜோடிகள் புளியமரத்தடியில் நிற்பார்கள். கலை விசில் அடித்ததும் வந்து ஏறுவார்கள். எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று தெரியாது. எனக்கு வேண்டாம் என்றாள் கலை. நான்தான் பிடிவாதமாகப் போய்ப் படுத்தேன். துப்பட்டாவைக் கண்ணில் கட்டினேன். மண் முதுகில் ஈரமாக ஒட்டியது. பனிக்குள் ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

கனம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

காலடிச் சத்தம் இல்லை, "மாஃப் பண்ணுங்க" இல்லை. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, ஆள் முழுசாக உட்கார்ந்தது. அத்தர் வாசனை வரவில்லை. ஈர மண்ணும் புளியம்பழ ஓடும் கலந்த ஒரு வாசனை. என் வலது கை தானாக உயர்ந்தது, தட்டுவதற்கு. தட்டக் கூடாது என்பது நினைவுக்கு வந்து கையை அந்தரத்திலேயே நிறுத்தினேன். தட்ட முடியாது, உருட்டலாம் என்றால் மேலே இருந்ததற்குப் பிடிக்கக் கையும் இல்லை காலும் இல்லை. வாய் ஒன்றுதான் மிச்சம். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

"விடு" என்றேன்.

குரலா அது? துருப்பிடித்த கேட்டைத் திறந்த மாதிரி இருந்தது. ஆனால் வந்தது. மலையில் மோதித் திரும்பி வரும் அளவுக்கு வந்தது. கனம் உடனே எழுந்தது. என் மேலிருந்து கையை ஊன்றி எழுகிற மாதிரி, நிதானமாக எழுந்து போனது. கண்கட்டை அவிழ்த்தேன். பக்கத்தில் யாருமில்லை. ரொம்ப தூரத்தில், மரத்தடியிலிருந்து நஸீர் பாயின் குரல் வந்தது.

"இன்னா ஆச்சு அக்கா? விசிலே இன்னும் அடிக்கலியே."

கலைக்கு இதற்கு விளக்கம் உண்டு. கண்ணைக் கட்டிப் படுத்ததும் உடம்பு பழைய கனத்தைத் தானே ஏற்றிக்கொள்ளும், பலருக்கு நடப்பதுதான் என்றாள். இருக்கலாம். படித்த பெண், தெரிந்துதான் சொல்வாள். ஆனால் நான் சாப்பிடப் போனபோது சின்னப்பொண்ணு அடுப்பைவிட்டு எழுந்து வந்து, என் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிடாமல் ஒவ்வொரு துணுக்காக விரலால் எடுத்தபடி கேட்டார்.

"கனமா இருந்துதா?"

ஆமாம் என்றேன்.

"வுடுன்னு சொன்னதும் வுட்டாரா?"

விட்டார் என்றேன்.

"அவரு அப்படித்தான். சொன்னா கேட்டுக்குவாரு."

அவர் கண் கலங்கவில்லை, எனக்குத்தான் கலங்கியது. வாயைத் திறந்து சொன்னால் கேட்டுக்கொள்கிறவர்களும் உண்டு என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

கிளம்பும் முன் சின்னப்பொண்ணு எங்கள் எல்லோரையும் கொல்லைக்குக் கூட்டிப்போனார். குழப்பியதை நாம்தானே சரி செய்ய வேண்டும் என்றார். வரிசையாகக் குனிந்தோம். மூன்றே தட்டு. அவர் எங்கள் நடுவில் குனிந்து, மூன்று வருஷம் தட்டாத தட்டைத் தட்டினார். "போறோம்" என்றோம். யாரும் திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினோம். முதல் வளைவு தாண்டிய பிறகுதான் என் செருப்பு புளியமரத்தடியிலேயே கிடப்பது தெரிந்தது. எடுக்கப் போக வழியில்லை. தோல்காரன் கூட இருக்கும்போது செருப்புக்கா கவலை என்றார் நஸீர் பாய். திருப்பத்தூர் வரை வெறுங்காலோடு வந்தேன்.

அடுத்த வாரமே அவர் அனுப்பிய செருப்பு வந்து சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்ட அன்று சாயங்காலம், லிஃப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, படியில் ஏறினேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து, சிமெண்டுத் தரையை உள்ளங்கையால் மூன்று தட்டு தட்டினேன். வாய்விட்டு "போறேன்" என்றேன். கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது.

மூன்றடி தள்ளி இருந்த கதவு திறந்தது. அந்த வீட்டுக்காரி ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா சத்தம்?"

"நான்தான்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறினேன்.